ரூ.7,000 குழந்தை கார் சீட் போதுமா? ஒரு சிஏ-வின் கணக்கு

டெர்ம் இன்ஷூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்ட், வீட்டுக் கடன் என்று நம்ம வழக்கமான டாபிக்குகளுக்கு நடுவில், கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வேற வேற வார்த்தையில் வந்துக்கிட்டே இருக்கு. சுருக்கமா சொன்னா இதுதான்: "சார், மாசம் கைக்கு 48,000 வருது. ஆறு மாசக் குழந்தை. ஆன்லைன்ல 6,800 ரூபாய்க்கு ஒரு கார் சீட் இருக்கு, 29,000-க்கும் ஒண்ணு இருக்கு. விலை கம்மியானதை வாங்கினா குழந்தை விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணின மாதிரி ஆகிடுமா?"

நான் ஆட்டோமொபைல் இன்ஜினியர் கிடையாது. ஆனா ரிஸ்க்கையும் காசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிறதுதான் என் தொழில். கார் சீட் பத்தின தர விதிகளையும் உட்கார்ந்து படிச்சேன், ஏன்னா எங்க வீட்லயும் ஒரு குழந்தை இருக்கா. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: சரியான சான்று உள்ள 7,000 ரூபாய் சீட்டை இந்த வாரமே வாங்கி ஒழுங்கா மாட்டுறவர், 29,000 ரூபாய் சீட்டுக்கு ஆறு மாசம் காசு சேர்க்கிறவரைவிட நல்ல முடிவு எடுக்கிறார். ஆனா "விலை கம்மியா இருந்தா எதுவா இருந்தாலும் ஓகே"ன்னு இதைப் புரிஞ்சுக்காதீங்க. ரூ.1,200-க்கு விக்கிற ஒரு பொருள் இருக்கு, அதுக்கு அப்புறமா வர்றேன்.

முதல்ல, நம்ம ஊர்ல கார் சீட்டோட போட்டி போடுறது இன்னொரு கார் சீட் இல்லை. அம்மாவோட மடி. பாட்டியோட மடி. "என் கையில இருக்கிறதைவிட அந்த பிளாஸ்டிக் நாற்காலி பாதுகாப்பா?"ன்னு உங்க அம்மா கேட்பாங்க. அந்தக் கேள்வியில பாசம் இருக்கு, கணக்கு இல்லை. கணக்கு இப்படி: கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய் எதிலாவது மோதி நிற்கிறது. அந்த வேகத்தில் முன்னால் பாய்கிற உடம்புக்குக் கிடைக்கிற அடி, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூணாவது மாடி பால்கனியிலிருந்து விழுவதற்குச் சமம். 10 கிலோ குழந்தையை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிடித்து நிறுத்த, சராசரியாகவே 140 கிலோ எடையைத் தாங்குகிற பலம் வேணும். உச்சத்தில் அதைவிடவும் அதிகம். ஃபுல் கேஸ் சிலிண்டர் ஒண்ணு ஏறக்குறைய 30 கிலோ. கிட்டத்தட்ட அஞ்சு ஃபுல் சிலிண்டரை, எதிர்பாராத ஒரு கணத்தில், இரண்டு கையால் பிடிக்கணும். பயில்வானாலும் முடியாது. பாட்டி சீட் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம், அவங்க உடம்பும் சேர்ந்து குழந்தை மேல போய் மோதும். ஒரே பெல்ட்டுக்குள்ள ரெண்டு பேரையும் போட்டுக்கிட்டாலும் அதே கதைதான். நடுவுல நசுங்கறது குழந்தை.

பின் சீட்டில் உட்கார்ந்தா பாதுகாப்புன்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு ரொம்ப நாளா இருக்கு. 2022 செப்டம்பரில் பால்கர் பக்கத்தில் நடந்த விபத்தில் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின் சீட்டில்தான், பெல்ட் போடாமல். விலை உயர்ந்த கார், பெரிய மனிதர். பின் சீட் அவரைக் காப்பாத்தலை.

குழந்தை சீட்டுக்குத் திரும்பி வருவோம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ கணக்குப்படி, கார்களில் சைல்டு சீட் பயன்படுத்துவது ஒரு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் உயிரிழப்பு அபாயத்தை 71 சதவீதமும், 1 முதல் 4 வயசுக் குழந்தைகளுக்கு 54 சதவீதமும் குறைக்குது. இந்த எண்கள் விலை உயர்ந்த சீட்களுக்கு மட்டுமானவை இல்லை. சீட் இருக்கிற குழந்தைக்கும் இல்லாத குழந்தைக்கும் உள்ள வித்தியாசம். அதாவது, பெரிய லாபம் பூஜ்யத்திலிருந்து ஒண்ணுக்குப் போகிற அந்த முதல் படியில்தான் இருக்கு.

நம்ம பாஷையில் சொல்றதா இருந்தா டெர்ம் இன்ஷூரன்ஸ் மாதிரி. "எடுத்தா 2 கோடிக்குத்தான் எடுப்பேன், பிரீமியம் இப்போ கட்டுப்படியாகலை, அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு சொல்றவங்களை நான் நிறைய பார்க்கிறேன். இன்னிக்கு அவங்க கவரேஜ் எவ்வளவு? பூஜ்யம். 50 லட்சத்துக்கு எடுத்தவர் அவங்களைவிட எவ்வளவோ மேல். கார் சீட்டும் இதே கதைதான். 29,000 ரூபாய் சீட் விஷ்லிஸ்ட்ல இருக்கும், குழந்தை மடியில இருக்கும், கார் ஜிஎஸ்டி ரோட்டுல 80-ல போய்க்கிட்டு இருக்கும்.

சான்றிதழ் என்ன சொல்லுது, என்ன சொல்லலை

இந்தியாவில் குழந்தைகளுக்கான சீட்களுக்கு ஏஐஎஸ்-072 என்று ஒரு தரம் இருக்கு. ஆனா கடையில் நீங்க அதிகமாப் பார்க்கப் போறது ஐரோப்பிய முத்திரைதான்: இசிஇ ஆர்44/04. இந்தச் சான்று வாங்கணும்னா, பொம்மையை உட்கார வெச்சு சுமார் 50 கி.மீ. வேகத்தில் முன்பக்க மோதல் சோதனையில் பாஸ் ஆகணும். பக்கிள், பெல்ட் துணி எல்லாத்துக்கும் தனித்தனி சோதனை உண்டு. 7,000 ரூபாய் சீட்டும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் அந்த ஆரஞ்சு நிற லேபிளை ஒட்ட முடியும்.

இங்க நான் என் தொழில்ல இருந்து ஒண்ணு சொல்லணும். ஒரு கம்பெனியோட ஆடிட் ரிப்போர்ட்ல குறை எதுவும் சொல்லாம நான் கையெழுத்து போட்டா, அந்தக் கம்பெனி ஷேரை வாங்கலாம்னு அர்த்தம் இல்லை. கணக்கு விதிப்படி இருக்கு, அவ்வளவுதான். ஆர்44-ம் அப்படித்தான். அது பாஸ், ஃபெயில் சொல்லும், மார்க் சொல்லாது. 36 எடுத்தவனும் பாஸ், 96 எடுத்தவனும் பாஸ். அதனால "ரெண்டுமே சர்ட்டிஃபைடு, ஸோ ரெண்டும் ஒண்ணுதான்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பட்ஜெட் சீட்டும் பெரிய விலை சீட்டும் ஒண்ணு கிடையாது.

வித்தியாசம் எங்க இருக்குன்னா, முக்கியமா பக்கவாட்டு மோதலில். ஆர்44-ல் பக்கவாட்டு மோதல் சோதனையே கிடையாது. 2013-ல் வந்த ஆர்129 என்ற அடுத்த விதியில் அது கட்டாயம். ஐ-சைஸ் என்ற பெயரில் விற்பதும் இந்த விதிக்குள்தான் வருது. இதில் எடைக்குப் பதில் குழந்தையின் உயரத்தை வைத்து சீட்டைத் தேர்வு செய்யணும். 15 மாசம் முடியும்வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்காரணும் என்பதும் விதி. ஐரோப்பிய யூனியனில் 2024 செப்டம்பர் முதல் ஆர்44 சீட்களைப் புதுசா விற்க முடியாது. ஏற்கெனவே வாங்கினவங்க பயன்படுத்தலாம். அங்கே ஓரம் கட்டப்பட்ட தரம்தான் இங்கே நம்ம பட்ஜெட்டில் பெரும்பாலும் கிடைக்குது. இது கசப்பா இருந்தாலும் தெரிஞ்சே வாங்கறது நல்லது.

அப்போ 29,000 சீட்டே வாங்கிடலாமேன்னு தோணும். அந்த 29,000 எதுக்குப் போகுதுன்னு பாருங்க. ஒரு பகுதி ஆர்129 சோதனைக்கும், தலைக்குப் பக்கவாட்டுத் தடுப்புக்கும், ஐசோஃபிக்ஸ் கொக்கிக்கும், தரையில் ஊன்றுகிற காலுக்கும். இதெல்லாம் நியாயமான செலவு. இன்னொரு பகுதி 360 டிகிரி சுழல்வதற்கும், மெத்தென்ற துணிக்கும், கப் ஹோல்டருக்கும், இறக்குமதி செலவுக்கும், பிராண்ட் பெயருக்கும். சுழல்ற சீட் முதுகு வலி இருக்கிற அம்மாவுக்கு ரொம்ப சௌகரியம், நான் மறுக்கலை. ஆனா அது சௌகரியம். பாதுகாப்புக்குன்னு கொடுக்கிற காசுல அதைச் சேர்க்காதீங்க. ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு, சட்டம் கேட்பதைவிடக் கடினமான சோதனைகளில் சீட்களை மோதிப் பார்த்து மதிப்பெண் வெளியிடுது. விலையும் மதிப்பெண்ணும் கைகோர்த்துப் போறதில்லைங்கிறது அந்தப் பட்டியல்களைப் பார்த்தாலே தெரியும். நடுத்தர விலை சீட் நல்ல மார்க் வாங்குவதும், விலை உயர்ந்தது கோட்டை விடுவதும் அங்கே நடக்குது. நீங்க வாங்க நினைக்கிற மாடல் அந்தப் பட்டியலில் இருந்தால் அதிர்ஷ்டம், பாருங்க. நம்ம ஊர் பட்ஜெட் மாடல்கள் பெரும்பாலும் அதில் இருக்காது.

என் கணிப்பில், சம்பளக்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாச் செலவு பண்ண இடம் இருந்தா, அந்தக் காசு போகவேண்டிய இடம் ஆர்129 லேபிள். சுழலும் வசதி இல்லாத, துணி சுமாரா இருக்கிற, ஆனா ஆர்129 சான்று உள்ள சீட் உங்க பட்ஜெட்ல கிடைச்சா யோசிக்காம எடுங்க. அதுவும் முடியலைன்னா ஆர்44/04. குற்ற உணர்ச்சி வேண்டாம்.

அந்த 1,200 ரூபாய் சமாச்சாரம்

ஆன்லைனில் "பேபி கார் சீட்"னு தேடிப் பாருங்க. 900, 1,200, 1,500 ரூபாய்க்கு ஒரு பொருள் வரும். பார்க்க முதுகுப் பை மாதிரி இருக்கும். வெறும் துணி, ஸ்பாஞ்ச், நாலு வார். கெட்டியான ஓடு இருக்காது. காரோட சீட்டைச் சுத்திக் கட்டணும். போட்டோவுல ஒரு வெளிநாட்டுக் குழந்தை சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.

இதைத்தான் வாங்கவே கூடாதுன்னு சொல்றேன். இது பட்ஜெட் சீட் இல்லை, சீட்டே இல்லை. பிரிட்டனில் இதை விற்பதே சட்டவிரோதம். மோதலில் அந்த வார் பிய்ந்தால் குழந்தை முன்னால் பறக்கும். பிய்யாமல் இருந்தால் சறுக்கிக் கீழே போய் வார் கழுத்தில் ஏறும். மடியில் வெச்சிருக்கிறவருக்குக் குழந்தை ஆபத்துல இருக்குன்னாவது ஒரு ஓரத்துல தெரியும். இதை வாங்கினவர் "பிரச்சினை முடிஞ்சது"ன்னு நம்பி வேகத்தைக் கூட்டுவார். பொய்யான பாதுகாப்புக்குக் கொடுக்கிற 1,200 ரூபாய் எனக்கு எண்டோமென்ட் பாலிசியைத்தான் ஞாபகப்படுத்துது.

லேபிள் விஷயத்திலும் கொஞ்சம் உஷாரா இருங்க. லிஸ்டிங்ல "ஐரோப்பிய சான்று பெற்றது"ன்னு எழுத யாருக்கும் காசு செலவில்லை. டப்பாவில் அச்சடிப்பதும் சுலபம். பார்க்க வேண்டியது சீட்டின் உடம்பில் ஒட்டியிருக்கிற லேபிள்: எந்த விதி, எந்த எடை வரம்பு, வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் பக்கத்தில் ஒரு நாட்டு எண்ணும், கீழே அனுமதி எண். ஆர்44/04 என்றால் அந்த அனுமதி எண் 04 என்று ஆரம்பிக்கும். பார்சல் வந்த அன்னிக்கே திருப்பிப் பார்த்து, லேபிள் இல்லைன்னா ரிட்டர்ன் பண்ணுங்க. ரிட்டர்ன் வசதி இல்லாத விற்பனையாளர்கிட்ட, 500 ரூபாய் குறைவுன்னாலும் இந்தப் பொருளை வாங்காதீங்க.

இப்போ காசுக் கணக்கு

ஷோரூம்ல ஒரு கணக்கு சொல்வாங்க. "சார், 29,000 சீட்டை நாலு வருஷம் யூஸ் பண்ணுவீங்க. ஒரு நாளைக்கு 20 ரூபாய்கூட வரலை. ஒரு டீ, ஒரு பிஸ்கட். குழந்தைக்காக இது பண்ணமாட்டீங்களா?" கணக்கு சரிதான், வகுத்துப் பார்த்தா 19 ரூபாய் 86 காசு. ஆனா இந்த "ஒரு நாளைக்கு" கணக்கை வெச்சு எதையும் வித்துடலாம். ஐபோனும் வித்துடலாம், டைம்ஷேரும் வித்துடலாம். உங்க சம்பளம் நாள் கணக்குல வரலை, செலவு மட்டும் ஏன் நாள் கணக்குல வரணும்? கையில் 48,000 வாங்குறவருக்கு 29,000 என்பது மாசச் சம்பளத்தில் 60 சதவீதம். 6,800 என்பது 14 சதவீதம். வாடகை, இஎம்ஐ, தடுப்பூசி, டயப்பர் எல்லாம் அதே மாசத்திலதான் நிக்குது.

நடுவில் உள்ள வித்தியாசம் 22,200 ரூபாய். என்னை மாதிரி ஆளுக்கு முதல்ல தோணுற கேள்வி: அதே 22,200-ஐ வேற எங்க போட்டா குழந்தையோட பாதுகாப்பு இதைவிட அதிகமாகும்? உங்க ஹேட்ச்பேக் காரோட டயர் தேய்ஞ்சு வழுவழுன்னு இருக்குன்னா, நாலு புது டயரும் வீல் அலைன்மென்ட்டும் அந்தக் காசுக்குள்ள முடியும். நல்ல டயர் மோதலையே தடுக்கும். சீட் மோதின பிறகுதான் வேலை செய்யும். குழந்தையை இன்னும் ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல சேர்க்கலைன்னா அது முதல்ல. சம்பாதிக்கிற ஒரே ஆள் நீங்கதான், டெர்ம் பாலிசி இல்லைன்னா, அது அதுக்கும் முன்னாடி. இதெல்லாம் ஏற்கெனவே இருக்கு, வாரா வாரம் ஹைவேயில் போறேன், காசும் இருக்குன்னா, தாராளமா 29,000 சீட் வாங்குங்க. நான் தடுக்க மாட்டேன்.

ஆனா ஒரு விஷயம் எனக்குப் புரியவே மாட்டேங்குது. சன்ரூஃப் வேணும்னு மேல் வேரியண்ட்டுக்குப் போவோம், அலாய் வீல் போடுவோம், சீட் கவர், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஃபுட்வெல் லைட் வரைக்கும் டெலிவரி அன்னிக்கே மாட்டிடுவோம். முதல் பிறந்த நாளுக்கு ஹால் புக் பண்ணுவோம். சைல்டு சீட் மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" லிஸ்ட்ல போயிடும். அதே ஷோரூம்ல "குழந்தைகள் பாதுகாப்பிலும் 5 ஸ்டார்"னு சொல்லும்போது பெருமையா இருக்கும். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையில் குழந்தைகள் பாதுகாப்புக்கு மொத்தம் 49 மதிப்பெண். அதில் ஏறக்குறைய பாதி, ஒன்றரை வயது, மூணு வயது அளவுப் பொம்மைகளை சைல்டு சீட்டில் கட்டி மோதிப் பார்த்துக் கொடுப்பது. மடியில் வெச்சு யாரும் சோதனை பண்ணலை. சீட் இல்லாம நீங்க ஓட்டினா, அந்த 5 ஸ்டார் உங்க குழந்தைக்குப் பொருந்தாது.

சட்டமும் இருக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி, 14 வயசுக்குக் கீழ் உள்ள குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு சீட்டோ இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம். இதுக்காக யாரையும் நிறுத்தினதை நான் இதுவரை பார்த்ததில்லை.

காசு திரட்டுறதுக்கு ஒரு யோசனை. குழந்தை வரப்போகுதுன்னு தெரிஞ்ச மாசத்திலிருந்து மாசம் 1,000 ரூபாயைத் தனியா ஒரு ஆர்டி-யில் போடுங்க. ஏழு, எட்டு மாசத்தில் சீட் ரெடி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர்ற அந்த முதல் பயணத்துக்கே இருக்கும். இன்னொண்ணு, வளைகாப்புக்கும் பெயர் சூட்டு விழாவுக்கும் சொந்தக்காரங்க ஏதாவது வாங்கித்தான் வருவாங்க. அஞ்சு கிலுகிலுப்பை, மூணு வெள்ளிக் கிண்ணம், ரெண்டு வாக்கர். கூச்சப்படாம சித்தப்பா, மாமா நாலு பேரைச் சேர்த்து "எல்லாருமா சேர்ந்து ஒரு கார் சீட் வாங்கிக் கொடுத்துடுங்க"ன்னு சொல்லுங்க. மாடலையும் லிங்க்கையும் நீங்களே அனுப்பிடுங்க, இல்லைன்னா அந்த 1,200 ரூபாய்ப் பொருள் ரெண்டு வரும். நோ காஸ்ட் இஎம்ஐ-ல வாங்கறதா இருந்தா, வட்டி மேல ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் எவ்வளவுன்னு பார்த்துட்டு வாங்குங்க. 7,000 ரூபாய்ப் பொருளுக்கு இஎம்ஐ தேவையே இல்லைங்கிறது என் அபிப்பிராயம்.

புதுசா குழந்தை பிறந்தவங்க, 13 கிலோ வரைக்கும் மட்டும் ஆகிற கூடை மாதிரி சீட் வாங்கிட்டு, ஒரு வருஷம் கழிச்சு மறுபடி இன்னொண்ணு வாங்கறதைவிட, 18 கிலோ வரை போகிற கன்வெர்ட்டிபிள் ஒண்ணு வாங்கறது மிச்சம். ஆனா பிறந்த குழந்தைக்கான உள் மெத்தை அதோட வருதா, தலை முன்னால் தொங்காத அளவு சாய்க்க முடியுதான்னு பார்க்கணும். குறை மாசத்தில் பிறந்த குழந்தைன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னு கேட்பீங்க. யாருகிட்ட என்பதைப் பொறுத்தது. உங்க அக்கா மூணு வருஷம் வெச்சிருந்த நல்ல சீட், கார் எங்கேயும் மோதலைன்னு அவங்க சொன்னா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கோங்க. புது பட்ஜெட் சீட்டைவிட அது மேலாவே இருக்கலாம். ஓட்டின் அடிப்பக்கத்தில் தயாரிப்புத் தேதி பொறிச்சிருக்கும். பெரும்பாலான கம்பெனிகள் ஆறிலிருந்து பத்து வருஷம் வரைதான் ஆயுள் சொல்றாங்க. நம்ம ஊர் வெயிலில் நிறுத்தின காருக்குள்ள பிளாஸ்டிக் என்ன பாடுபடும்னு உங்களுக்கே தெரியும். முகம் தெரியாத ஆள்கிட்ட ஆப்பில் பார்த்து வாங்காதீங்க. மோதின சீட் வெளியில் பார்க்க நல்லாவே இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும்.

வாங்கிட்டு தப்பா மாட்டினா

என் பார்வையில், விலையைவிட இதுதான் பெரிய ஓட்டை. சீட் கலாசாரம் பல வருஷமா இருக்கிற அமெரிக்காவிலேயே, 46 சதவீத சீட்கள் ஏதோ ஒரு விதத்தில் தப்பாகப் பயன்படுத்தப்படுவதாக என்ஹெச்டிஎஸ்ஏ ஆய்வு சொல்லுது. லூசா மாட்டின 29,000 ரூபாய் சீட், இறுக்கமா மாட்டின 7,000 ரூபாய் சீட்கிட்ட தோத்துப்போகும்.

பட்ஜெட் சீட்கள் பெரும்பாலும் காரின் சீட் பெல்ட்டை வைத்துத்தான் கட்டப்படும். ஐசோஃபிக்ஸ் மாதிரி "டக்"குன்னு மாட்டாது. மேனுவலை எடுத்து வெச்சுக்கிட்டு, பெல்ட் எந்த வழியாப் போகணும்னு பாருங்க. பின்னோக்கி வைக்க ஒரு வழி, முன்னோக்கி வைக்க வேற வழி. சீட் மேல உங்க முட்டியை ஊன்றி முழு எடையையும் கொடுத்து பெல்ட்டை இழுத்து இறுக்குங்க. பிறகு பெல்ட் போற இடத்துல சீட்டைப் பிடிச்சு ஆட்டினா, ஒரு அங்குலத்துக்கு மேல அசையக் கூடாது. சில சின்ன கார்களில் பின்னோக்கி வைக்கும்போது பெல்ட் நீளமே பத்தாது. அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க கார்ல வெச்சுப் பார்க்க முடிஞ்சா பாருங்க. பெல்ட் சீட்டுக்கு ஒரு லாபமும் உண்டு: ஊருக்குப் போனா தம்பி காருக்கும், வாடகைக் காருக்கும் அதை மாத்திக்கலாம். ஐசோஃபிக்ஸ் மட்டுமே உள்ள சீட் பழைய காருக்குப் போகாது.

குழந்தையைப் பின்னோக்கி வைக்கிறதை அவசரப்பட்டு மாத்தாதீங்க. "முகம் தெரியலை, அழுறா"ன்னு ஒன்பது மாசத்திலேயே திருப்பிடுறாங்க. கைக்குழந்தைக்கு உடம்பை ஒப்பிடும்போது தலை பெருசு, கழுத்து பலமில்லை. பின்னோக்கி இருந்தா மோதலின் வேகம் முதுகு முழுக்கப் பரவும். முன்னோக்கி இருந்தா மொத்தமும் கழுத்துக்குப் போகும். குறைந்தது 15 மாசம், சீட் அனுமதிக்கிற எடை வரைக்கும் முடிஞ்சா இன்னும் நல்லது. இது பைசா செலவில்லாத அப்கிரேடு. அதே நேரம், ஏர்பேக் இருக்கிற முன் சீட்டில் பின்னோக்கி சீட்டை வைக்கவே வைக்காதீங்க. ஏர்பேக் விரிஞ்சா அந்த அடி நேரா குழந்தையோட தலைக்குப் பின்னாலதான் விழும்.

வார் இறுக்கம் பார்க்கறது சுலபம். தோள்கிட்ட வாரை ரெண்டு விரலால கிள்ளிப் பாருங்க. மடிப்பு கையில் சிக்கினா இன்னும் லூஸ். ஏசி குளிருதுன்னு டவலைச் சுத்தி, அதுக்கு மேல வாரைப் போடுறது நம்ம வீடுகளில் வழக்கம். வாரை முதல்ல போட்டுட்டு டவலை அதுக்கு மேல போர்த்துங்க.

இன்னொரு பிரச்சினையை எந்த வெளிநாட்டு வெப்சைட்டும் பேசாது. பொங்கலுக்கு ஊருக்குப் போறோம், ஹேட்ச்பேக் கார், பின்னால அம்மா, மனைவி, தங்கச்சி. சீட் வெச்சா ஒரு ஆள் இடம் போச்சு. "ஒரு நாளைக்குத்தானே, சீட்டைக் கழட்டி டிக்கியில போடு"ன்னு வீட்டில் முடிவாகும். வருஷம் முழுக்க வீட்டுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் 30 கி.மீ. வேகத்தில் சீட்டில் போன குழந்தை, உளுந்தூர்பேட்டை தாண்டி 100 கி.மீ. வேகத்தில் போகும்போது மடியில் இருக்கும். சீட் மிக அதிகமாத் தேவைப்படுற நாளே அதுதான். அன்னிக்கு ஒரு ஆளை ரயில்லயோ பஸ்லயோ அனுப்புங்க. அந்த டிக்கெட் காசும் சீட்டோட விலையில சேர்ந்ததுதான்னு வெச்சுக்கோங்க. அம்மா கோவிச்சுப்பாங்க, ரெண்டு நாள்ல சரியாகிடுவாங்க. பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கிறதுதான் அதைவிடக் கஷ்டம், அறுபது நாள் முன்னாடியே அலாரம் வெச்சுக்கோங்க.

கார் இல்லாதவங்க, பைக்ல போறவங்களுக்கும் விதி இருக்கு. 2023 பிப்ரவரியிலிருந்து, 9 மாசம் முதல் 4 வயசு வரை உள்ள குழந்தையை டூ வீலரில் கூட்டிப் போனா, ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பாதுகாப்பு வாரும் குழந்தைக்கு ஹெல்மெட்டும் வேணும்; வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. அது தனியா பேச வேண்டிய விஷயம், இன்னொரு பதிவுல எழுதறேன்.

கடைசியா ஒண்ணு. உங்க கார் என்னைக்காவது பலமா மோதினா, குழந்தை உள்ளே இல்லாட்டியும் சீட்டை மாத்திடுங்க. பழைய சீட்டைக் காயலான் கடைக்குப் போடும்போது கத்திரிக்கோலால எல்லா வாரையும் வெட்டிட்டுப் போடுங்க. இல்லைன்னா ஒரு மாசத்துல துடைச்சு, போட்டோ எடுத்து, "ரொம்ப கம்மியா யூஸ் பண்ணினது, 2,500 ரூபாய்"னு எவரோ ஒருத்தர் அதை இன்னொரு அப்பாவுக்கு வித்துடுவார்.